ஒன்பதாவது அறை

பள்ளியில் அவள் நாலாங்கிளாஸ் டீச்சர். போட்டிக் குழுவில் அவள் பெயர் 'கடைசிக் கணக்கு'. "கடைசிக் கணக்கு வந்தாச்சா?" என்று குழுத் தலைவர் கேட்டால், ஆள் வந்தாச்சா என்று கேட்கிறார் என்று அர்த்தம். ஆள் வந்திருந்தால் கணக்கும் வந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் இரண்டும் தனித்தனியாக வந்ததில்லை.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருடம் ஒரு முறை நடக்கும் கணக்குப் போட்டி அது. கேள்வி இருபது. முதல் பத்தொன்பதைக் குழுவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். இருபதாவது அவளுடையது. பத்தொன்பதையும் அடித்து நொறுக்கிவிட்டு வரும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. கோப்பை யார் வீட்டு அலமாரிக்குப் போகிறது என்பதை இருபதாவதுதான் முடிவு செய்யும்.

குழுவுக்குள் அவள் சண்டை போட்டுத்தான் வந்தாள். ஒரு வருடம் தண்ணீர்த் தொட்டிக் கணக்கு ஒன்று வந்திருந்தது. ஒரு குழாய் நிரப்புகிறது, இன்னொரு குழாய் காலி செய்கிறது, தொட்டி எப்போது நிறையும்? அவள் தலைவருக்கு எழுதிப்போட்டாள்: 'எந்த வீட்டில் இப்படி இரண்டு குழாயையும் திறந்துவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள்? என் வகுப்பில் ஒருத்தி, முதலில் கீழ்க் குழாயை மூடு என்று விடை எழுதினாள். நான் முழு மதிப்பெண் போட்டேன்.' தலைவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். யார் எழுதிய வாக்கியத்தையும் அழித்துத் திருத்தாமல் அவர் கை நிற்காது. அதனால் ரப்பர் சார். அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"குறை சொல்றது சுலபம். ஒண்ணு எழுதிக் குடுங்க பாப்போம்."

கொடுத்தாள். அவர் ரப்பரை எடுத்து, இரண்டு முறை படித்து, ரப்பரைக் கீழே வைத்தார். அன்றிலிருந்து இருபதாவது அவளுடையதாயிற்று.

அவள் கணக்குகளுக்கு நாலாங்கிளாஸுக்கு மேல் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். சூத்திரம் கிடையாது. படித்தவுடனே பிள்ளை பென்சிலைத் தேட வேண்டும், அவ்வளவுதான். முதலில் வீட்டுக்காரரிடம் போட்டுப் பார்ப்பாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். உடனே விடை சொல்லிவிட்டால் கணக்கு குப்பைக்குப் போகும். "என்னால ஆகாது" என்று எழுந்துபோனாலும் குப்பைதான். கோபமாக எழுந்துபோய், குளியலறையிலிருந்து விடையைக் கத்தினால் அது தேறும்.

அவளுக்கு ஒரு தங்கை. அதே கட்டடத்தில், நேர் கீழ் வீட்டில் இருக்கிறாள். கூடத்தில் நீள மேசைகள் போட்டு டியூஷன் நடத்துகிறாள். இந்தப் போட்டிக்கென்றே பிள்ளைகளைத் தயார் செய்கிற டியூஷன். இதில் ஒளிவு மறைவில்லை, குழுவுக்கும் தெரியும். அக்கா தங்கை இருவரும் ஒரு ஒப்பந்தம் வைத்திருந்தார்கள். பள்ளி திறந்த நாளிலிருந்து போட்டி முடியும்வரை இருவருக்கும் இடையே கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. மாவு அரைத்தது, மாமியார் முறைத்தது எல்லாம் பேசலாம். "கால் கிலோ" என்று சொல்லலாம். "கால்" என்று மட்டும் சொன்னால் தங்கை காதைப் பொத்திக்கொள்வாள்.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்குப் பிறகும் அந்த வருடம் வினாத்தாள் அச்சுக்குப் போகும் முன், குழுக் கூட்டத்தில் காலேஜ்காரர் ஒரு புத்தகத்தை மேசைமேல் வைத்தார். குழுவிலேயே இளையவர் அவர். கல்லூரியில் கணக்கு நடத்துகிறவர். புத்தகம், தங்கை டியூஷனின் பயிற்சிப் புத்தகம்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. கடைசிப் பக்கத்தைப் பாருங்க."

பார்த்தாள். ஒரு கெட்டுப்போன லிஃப்ட். இரண்டே பொத்தான். ஒன்றை அழுத்தினால் இருக்கும் மாடி எண்ணின் இரண்டு மடங்குக்கு ஏறும். இன்னொன்றை அழுத்தினால் ஒரு மாடி இறங்கும். குறைந்த அழுத்தல்களில் இந்த மாடிக்கு எப்படிப் போவது? எண்கள் மட்டும் வேறு. மற்றபடி அவள் லிஃப்ட்தான். பூட்டிய அலமாரியில், உறைக்குள் இருக்கும் அவளுடைய லிஃப்ட்.

"நான் சொல்லலை," என்றாள்.

"நீங்க சொன்னீங்கன்னு நான் சொல்லலை," என்றார் காலேஜ்காரர். "ஆனா ஒவ்வொரு வருஷமும் கடைசிக் கணக்கை அதிகமாப் போடறது உங்க தங்கச்சி பிள்ளைங்கதான். அதையும் நான் சொல்லலை, மதிப்பெண் பட்டியல் சொல்லுது."

ரப்பர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முடிவெடுக்கும்போது அப்படித்தான் செய்வார்.

"டீச்சர், நாளைக்குச் சாயங்காலம் புதுக் கணக்கோட வாங்க. இந்த வருஷமும் அந்த டியூஷன் பிள்ளைங்களே அள்ளிட்டுப் போனா, அடுத்த வருஷத்துலேருந்து இருபதாவது இவர்கிட்ட போகும். உங்களுக்கு அஞ்சாவதோ ஆறாவதோ தர்றேன்."

அஞ்சாவது. கூட்டல் கழித்தல் இருக்கும் இடம். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு நாலு மணிக்கு வர்றேன் சார். இருபதாவதோட."

தன் வீட்டுக்குப் போகும் முன் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினாள். தங்கை கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள்; மேசைமேல் பென்சில் சீவிய தூள்.

"என் லிஃப்ட்டை எடுத்துட்டியே, பாவி."

"எது உன் லிஃப்ட்?" தங்கை திரும்பினாள். முகத்தில் உண்மையான ஆச்சரியம். அதற்குப் பின்னாலேயே சந்தோஷம். "அய்யோ, நிஜமாவே லிஃப்ட்டா? நான் சும்மா குருட்டாம்போக்குல எழுதினேன்க்கா!"

"குருட்டாம்போக்குல இரண்டு பொத்தானும் கரெக்டா வருமா?"

"உக்காரு, சொல்றேன். ஒப்பந்தத்தை நீதான் உடைச்சே, ஞாபகம் வெச்சுக்கோ." தங்கை விரலை மடக்கினாள். "போன வருஷம் உன் கணக்குல ஒருத்தன் வீடு வீடா பென்சில் குடுத்துட்டே போனான். அதுக்கு முந்தின வருஷம் மாடிப்படி. படிக்கட்டு தீந்துபோனா அடுத்தது என்ன? வீட்டுல மாமா வேற லிஃப்ட்டைத் தவிர வேற பேச்சே பேசறதில்லை. நீ எங்க போவே?"

"சரி, லிஃப்ட்டைக் கண்டுபிடிச்சே. கணக்கை?"

"அது அதைவிட லேசு. உன் கணக்கு எல்லாமே ஒரே ஜாதகம். முன்னாலேருந்து போனா ஆயிரம் வழி. பின்னாலேருந்து வந்தா ஒரே வழி. நான் பசங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லி வெச்சிருக்கேன். இருபதாவது கணக்கைப் பாத்தா வாலைப் பிடி. எங்கக்கா உயிரை வால்லதான் வெச்சிருப்பா."

பென்சில்காரன், மாடிப்படி, அதற்கு முன் கடிகாரம், அதற்கும் முன் பையிலிருந்த கோலிகள். அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் வால் இருந்தது. எல்லாவற்றுக்கும் அங்கேதான் உயிர்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"மூணாவது வருஷத்துலேருந்து. சொல்லக் கூடாதுன்னு ஒப்பந்தமாச்சே."

"நல்லாக் காப்பாத்தினே ஒப்பந்தத்தை."

"கோபமாக்கா?"

"கோபமில்லை. இந்த வருஷம் உன் பசங்க வாலைத் தேடிட்டே இருக்கட்டும்."

"பாக்கலாம் பாக்கலாம்," என்றாள் தங்கை, டஸ்டரைத் தட்டியபடி.

மாடி ஏறும்போது கொஞ்சம் வலித்தது. பாதிப் படி வரைக்கும்தான். மீதிப் படியில் அவள் மனசு வேலை செய்யத் தொடங்கிவிட்டது. வாலே இல்லாத ஒன்று வேண்டும். பிடித்து இழுக்க முனை எதுவும் இல்லாமல், போய்ச் சேரும் இடம் இன்னதென்றே சொல்லாத ஒன்று.

கதவைத் திறந்தால் வீட்டுக்காரர் குரல்.

"அங்கேயே நில்லு! ஈரம்!"

அவர் கையில் துடைப்பான். கூடம் முழுக்கப் பளபளவென்று ஈரம். அவர் மட்டும் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே, காய்ந்த ஒரு சதுரத்தில், லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்க எப்படி வெளிய வருவீங்க?"

"அதான் யோசிச்சிட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் வாசல்ல முடிக்கணும்னுதான் ஆரம்பிக்கறேன். கடைசியில எப்படியோ மூலையில வந்து மாட்டிக்கறேன். சிரிக்காதே. ஃபேனைப் போடு."

அவள் சிரிக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்து, பையிலிருந்து பென்சிலை எடுத்தாள்.

"ஏம்மா, ஃபேன்."

"இருங்க. ஒரு நிமிஷம் மாட்டிக்கிட்டே இருங்க."

தரை காய்ந்து அவர் தானாக வெளியே வந்துவிட்டார். அவள் இன்னும் படியிலேயே இருந்தாள். மடியில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறை. அதன் பின்புறம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள்.

மறுநாள் நாலு மணிக்குக் குழு கூடியது. குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கணக்கை எழுதியவர் அதைப் படிக்கக் கூடாது. வேறொருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் போட்டுப் பார்ப்பார்கள். அதுவரைக்கும் எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. தலையைக்கூட ஆட்டக் கூடாது. யாராவது "இந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுவிட்டால் கணக்கு திரும்பிப் போகும். போட்டி அன்றைக்கு எழுதியவர் பிள்ளை பக்கத்தில் நின்று விளக்கப் போவதில்லை அல்லவா.

காலேஜ்காரர் படித்தார்.

'ஒரு பள்ளியில் ஒன்பது அறைகள். வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் அறைகளுக்கு நடுவே கதவு உண்டு. மூலைக்கு மூலை கிடையாது. துடைப்பவர் முதல் வரிசையின் நடு அறையில் தொடங்குகிறார். துடைத்த அறைக்குள் மறுபடி கால் வைக்காமல் ஒன்பது அறைகளையும் துடைக்க முடியுமா? முடியும் என்றால் வழியை வரைக. முடியாது என்றால் ஏன் என்று எழுதுக.'

"இவ்வளவுதானா?" என்று ரப்பர் சார் ஒரு தாளை இழுத்தார்.

அவள் மேசைக்கடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். ரப்பர் சார் கோடு போட்டார். எட்டு அறை துடைத்தார், ஒன்று மிச்சம். அழித்தார். வேறு பக்கம் திரும்பினார். மறுபடி எட்டு. மறுபடி அழித்தார். "கொஞ்சம் இருங்க, கிட்ட வந்துட்டேன்," என்றார் யாரும் கேட்காமலே. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

காலேஜ்காரர் கோடே போடவில்லை. கட்டங்களை ஒன்றுவிட்டு ஒன்று பென்சிலால் கறுப்பாக்கினார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"முடியாது! மூலை நாலும் நடுவும் கறுப்பு, அஞ்சு. மத்த நாலும் வெள்ளை. ஒவ்வொரு கதவும் வெள்ளையிலேருந்து கறுப்புக்குத்தான் போகும், கறுப்புலேருந்து வெள்ளைக்குத்தான். வெள்ளையில ஆரம்பிச்சு மாறி மாறி ஒன்பது அறைன்னா வெள்ளை அஞ்சு வேணும். இருக்கறது நாலுதான்." அவளைப் பார்த்தார். "டீச்சர், இது உங்க கணக்கு மாதிரியே இல்லை. ரொம்ப நல்லாயிருக்கு."

"வாயைத் திறக்கலாமா?" என்றாள் அவள்.

"திறங்க."

"தேங்க்ஸ்."

ரப்பர் சாருக்கு மட்டும் மனசில்லை. "சின்னப் பிள்ளைங்களுக்கு முடியாதுன்னு ஒரு விடை குடுக்கலாமா? அழுதுடும்ங்க."

"முடியாதுங்கற வார்த்தை அவங்களுக்குப் புதுசா சார்? நாள் பூரா நாம அவங்ககிட்ட சொல்றது அதுதான். ஒரு நாளைக்கு அவங்க நமக்குச் சொல்லட்டும்."

கணக்கு அச்சுக்குப் போனது.

போட்டி முடிந்த வாரம் ஒரு பள்ளியின் நூலக அறையில் திருத்தும் வேலை நடந்தது. விடைத்தாள்களில் பெயர் இருக்காது, எண் மட்டும். ஆனாலும் தங்கையின் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. விடையைச் சுற்றி இரட்டைக் கோட்டில் பெட்டி போடப் பழக்கியிருந்தாள் தங்கை. இருபதாவது கணக்கில் பெட்டி போட்டிருந்த தாள்களில் பெரும்பாலானவை வழி தவறிப் போயிருந்தன. வழி நிச்சயம் உண்டு, நமக்குத்தான் அகப்படவில்லை என்று நம்பிய பிள்ளைகள். ஒருவன் ஒன்பதாவது அறைக்குள் சுவர் வழியாகவே புகுந்து, அதைச் சுற்றியும் தைரியமாக இரட்டைப் பெட்டி போட்டிருந்தான். அவள் பூஜ்யம் போட்டுவிட்டு, அந்தத் தைரியத்தை ரசித்தாள்.

மத்தியானம்வரை முழு மதிப்பெண் வாங்கியவை இரண்டே தாள்கள். இரண்டிலும் கறுப்பு வெள்ளை. இரண்டிலும் பெட்டி இல்லை. ரப்பர் சார் அவளைப் பார்த்து ஒரு முறை தலையசைத்தார். இருபதாவது அவளிடமே இருக்கப் போகிறது என்பதற்கு அதற்கு மேல் அடையாளம் வேண்டியதில்லை.

டீ வந்தபோது காலேஜ்காரர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இது ஒண்ணு. முடியாதுன்னு எழுதியிருக்கு. ஆனா காரணம் நம்ம விடைக்குறிப்புல இல்லை."

கீழே இரட்டைப் பெட்டி. அவள் படித்தாள்.

'ஒரே ஒரு கதவு மிச்சம் இருக்கும் அறைக்குள் போனால் வெளியே வர முடியாது. அதனால் அது கடைசி அறையாக இருக்க வேண்டும். துடைப்பவர் முதலில் நடுவே போனால் மேல் வரிசையில் இடது மூலைக்கு ஒரு கதவுதான் மிச்சம், வலது மூலைக்கும் ஒரு கதவு. இரண்டும் கடைசி அறை. இரண்டு கடைசி இருக்க முடியாது. முதலில் மூலைக்குப் போனாலும் இப்படியே. படம் பார்க்கவும்.'

கீழே குட்டிக் குட்டிப் படங்கள். அவள் பென்சில் முனையால் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தாள். மூலைக்குப் போய் நடுவுக்குத் திரும்பினால் இரண்டு கடைசி. திரும்பாமல் சுவரோரமாகவே போனால், எங்கே திரும்பினாலும் இரண்டு கடைசி. வலது பக்கத்துக்கும் இதேதான் என்று எழுதியிருந்தது, ஆமாம், அதேதான். ஓட்டை எங்கும் இல்லை.

வாலைப் பிடித்திருக்கிறது பிள்ளை. வாலே இல்லை என்று அவள் நினைத்த கணக்கில் இரண்டு வால் இருந்திருக்கிறது. அதுதான் அதன் நோயே. அவளுக்குக் காது சூடானது. வெட்கமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

"உங்க தங்கச்சி வீட்டுப் பிள்ளை," என்றார் காலேஜ்காரர். அவர் குரலில் குத்தல் இல்லை. "விடைக்குறிப்புப்படி பாத்தா காரணம் பொருந்தலை. பாதி போட்டுட்டுப் போயிடலாம். யாரும் கேக்க மாட்டாங்க."

"முழுசு போடுங்க."

"டீச்சர், யோசிச்சுச் சொல்லுங்க. இதுக்கு முழுசுன்னா..."

"இதுக்கு மட்டுமில்லை. காலையிலேருந்து 'காரணம் பொருந்தலை'ன்னு பாதி போட்டதையெல்லாம் மறுபடி எடுக்கணும். கடைசி, கதவு, மாட்டிக்கிட்டாருன்னு எழுதினதையெல்லாம் கறுப்பு வெள்ளை இல்லைங்கறதுக்காகத் தள்ளியிருக்கோம். சரியா இருந்ததும் அதுல போயிருக்கும்."

ரப்பர் சார் டீயைக் கீழே வைத்தார். "கட்டைப் பிரிச்சா அதுல எத்தனை பெட்டி இருக்கும்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது சார்."

"நான் கூட்டத்துல சொன்னதை நான் மாத்திக்க மாட்டேன். பெட்டிதான் அதிகம்னா இருபதாவது போயிடும்."

"போகட்டும். விடைக்குறிப்பு என்னுது. அது குறைன்னா அதைத்தான் அழிக்கணும். ரப்பரைக் குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. கட்டுகளைத் தானே பிரித்தார்.

மூவருமாகப் பார்த்தார்கள். சாயங்கால வெயில் புத்தக அலமாரியின் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தது. பாதி போட்டவற்றில் நிறைய அரைகுறைகள். 'துடைப்பவர் பாவம்' என்று ஒன்று. 'எங்கள் பள்ளியில் முடியும்' என்று ஒன்று. சரியானதும் இருந்தது. அவள் படித்து நீட்ட, காலேஜ்காரர் சரிபார்த்து இரண்டு அடுக்காக வைத்தார்: பெட்டி போட்டது, போடாதது. முதலில் பெட்டி அடுக்கு உயர்ந்தது. அவள் அதைப் பார்க்காமல் அடுத்த தாளை எடுத்தாள். பிறகு ஏதோ தூரத்துப் பள்ளிக் கட்டு ஒன்று வந்தது. விடையைச் சுற்றி ஒன்றுமே போடாத, கோணல் எழுத்துக்காரப் பிள்ளைகள். யாரும் வாலைப் பிடி என்று சொல்லித்தராமலே கதவைக் கதவாக எண்ணியிருந்தார்கள். 'ரெண்டு ரூம்லயும் மாட்டிக்குவார். ஒரு ஆள் ஒரு ரூம்லதான் மாட்ட முடியும்' என்று ஒன்று. அதைப் படித்துவிட்டு அவள் தாளைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

கடைசியில் ரப்பர் சார் இரண்டு அடுக்கையும் தூக்கிப் பார்த்தார். எண்ணவே வேண்டியிருக்கவில்லை. பெட்டி மூன்று. மற்றது கையில் கனத்தது.

"அடுத்த வருஷத்துது லீவு விடறதுக்குள்ள வந்துடணும்," என்றார், தாள்களைக் கட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல். "இந்தத் தடவை மாதிரி கடைசி நேரத்துல ஓட வைக்காதீங்க."

"வந்துடும் சார்."

"இன்னும் ஒண்ணு பாக்கி," என்று காலேஜ்காரர் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். "இது என்னன்னே தெரியலை."

'முடியாது' என்று எழுதியிருந்தது. காரணம் எதுவும் இல்லை. அதற்குக் கீழே: 'ஆனால் மூலை அறைக்கும் நடு அறைக்கும் சுவர் சேரும் இடத்தில் ஓட்டை போட்டால் முடியும்.' ஓட்டையைச் சின்ன வட்டமாக வரைந்து, அதற்குள் நுழைந்து வரும் கோடும் போட்டிருந்தது.

"காரணம் இல்லை. பாதிதான்," என்றாள். பாதி போட்டாள். ஆனால் தாளைக் கட்டில் வைக்கவில்லை. பென்சிலை அந்தக் கோட்டின்மேல் வைத்து மெதுவாகப் போனாள். தொடங்கும் அறை, பக்கத்து மூலை, ஓட்டை வழியாக நடு, அங்கிருந்து இடது ஓரம், கீழ் வரிசை முழுக்க, வலது ஓரத்தில் மேலே. பென்சில் ஒன்பதாவது அறையில் போய் நின்றது. ஒன்றும் மிச்சமில்லை.

"வேற எங்க ஓட்டை போட்டா முடியும்?" என்றாள், யாரையும் பார்க்காமல். "எங்க போட்டா முடியாது?"

காலேஜ்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏற்கெனவே கட்டம் வரைய ஆரம்பித்திருந்தார். "ஒரு நிமிஷம். கறுப்பையும் கறுப்பையும் சேத்தா..."

"பதில் சொல்லாதீங்க," என்றாள் அவள். "நான் இன்னும் கேள்வியே எழுதலை."